கொடுத்த காசுக்கு...

தீம் பார்க் போவதற்கெல்லாம் ஒரு திட்டமா? காலையில் குளித்தோமா, கிளம்பினோமா, டிக்கெட் எடுத்தோமா, ஆட்டம் போட்டோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இருக்க வேண்டியதுதானே? மந்தைவெளியில் ஒரு குடும்பம் அப்படித்தான் நினைத்தது. நினைத்ததற்கான பலனை ஒரு மே மாதம் முதல் தேதி முழுக்க அனுபவித்தது.

குடும்பத்தில் ஐந்து பேர். அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, முட்டிவலியும் உண்டு. பெரியவள் அப்போதுதான் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். சின்னவன் இரண்டாம் வகுப்பு.

ஏன் மே ஒன்று? ஜவுளிக்கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது லீவு நாள் அல்ல, முதுகு ஒடியும் நாள். கேட்காமலே லீவு கிடைக்கும் சில நாட்களில் மே தினமும் ஒன்று. பள்ளிக்கும் விடுமுறை. இதைவிட நல்ல நாள் எது என்று அப்பா முடிவு செய்தார். அதே கணக்கைச் சென்னை முழுக்கப் போட்டு வைத்திருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மணி ஒன்பதரை. அடையாறு, திருவான்மியூர், அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. பார்க் வாசலில் இறங்கும்போது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. டிக்கெட் க்யூ முக்கால் மணி நேரம். பையைச் சோதித்த ஊழியர் புளிசாத டப்பாவையும் உருளைக்கிழங்கு வறுவலையும் எடுத்து வெளியே வைத்தார். வெளி உணவுக்கு அனுமதி இல்லையாம். தண்ணீர் விளையாட்டுக்குப் போனால் பருத்தித் துணி கூடாது, நைலான் உடைதான் வேண்டும் என்றார்கள். உள்ளே வாடகைக்குக் கிடைக்கும். அதற்குத் தனிக் காசு, லாக்கருக்குத் தனிக் காசு. சின்னவன் வாரக்கணக்கில் கனவு கண்ட ரோலர் கோஸ்டர் வாசலில் ஓர் அளவுகோல் நின்றது. 120 சென்டிமீட்டர். பையன் 117. எக்கி நின்று பார்த்தான், நடக்கவில்லை. அழுகை.

அப்பாவுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் அவருக்கே தெரியவில்லை. "கொடுத்த காசுக்கு மீதி எல்லாத்துலயும் ஏறிட்டுத்தான் போறோம், ஒண்ணு விடக்கூடாது" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் அன்றைய திட்டம். வேறு திட்டம் எதுவும் இல்லாததால் அதுவே போதுமானதாகவும் இருந்தது.

பாட்டி எங்கே? ஒரு சிமென்ட் பெஞ்சில். நான்கு ஜோடிச் செருப்பு, மூன்று பைகள், ஒரு தண்ணீர் பாட்டில், பாட்டி. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டவர், மத்தியானச் சாப்பாடு வாசலிலேயே நின்றுவிட்டது. உணவுக் கவுன்டரில் கூட்டம், "இந்த ஒரு ரைடு முடிச்சுட்டு வந்துடறோம்மா" என்று சொல்லிச் சொல்லியே மூன்று மணி ஆகிவிட்டது. மூன்றரைக்குப் பெரியவள் வந்து பார்த்தபோது பாட்டிக்கு வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதலுதவி அறையில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. திருவான்மியூர் தாண்டியதும் பாட்டிதான் ஆரம்பித்தார்.

"அடுத்த தடவ என்னைய வீட்லயே விட்டுட்டுப் போங்கப்பா. என்னால உங்களுக்கும் கெட்டுப்போச்சு."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவளுக்கு மட்டும் அந்தப் பேச்சு முள் மாதிரி தைத்துவிட்டது. கெடுத்தது பாட்டி இல்லையே!

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, தீம் பார்க் என்கிற வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது நல்லது. அது புரிந்தால்தான் இந்தக் குடும்பம் எங்கே சறுக்கியது என்பது புரியும்.

சென்னைக்காரர்களுக்குப் பழக்கமானது தீவுத்திடல் பொருட்காட்சி. வாசலில் சின்ன நுழைவுக் கட்டணம். உள்ளே ஜெயண்ட் வீலுக்கு ஒரு டிக்கெட், மரணக் கிணறுக்கு ஒரு டிக்கெட், டெல்லி அப்பளத்துக்கு ஒரு காசு. வேண்டியதற்கு மட்டும் கொடுத்தால் போதும். பாட்டி சும்மா வேடிக்கை பார்த்தால் செலவில்லை. பிடிக்கவில்லையா, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம், மனசு உறுத்தாது. அமெரிக்காவில் டிஸ்னிலேண்டே முதலில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. 1955-ல் திறந்த சில மாதங்களில் சவாரிக்குத் தகுந்தபடி ஏ, பி, சி என்று கூப்பன்கள் வந்தன. 1959-ல் பெரிய சவாரிகளுக்கு 'இ' கூப்பன் வந்தது. 1982-ல்தான் கூப்பனை ஒழித்துவிட்டு வாசலிலேயே மொத்தமாக வாங்கும் முறைக்கு முழுசாக மாறினார்கள்.

மொத்தமாக வாங்கினால் என்ன ஆகிறது? உள்ளே நுழைந்தபின் ஒவ்வொரு சவாரியும் இலவசம். இலவசம் என்றால் எல்லாரும் எல்லாவற்றிலும் ஏறப் பார்ப்பார்கள். அப்போது எது விலையாகிறது? க்யூதான். காசு வாசலில் முடிந்துவிட்டது. உள்ளே செலவாவது நேரமும் உடம்பும். காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'சங்க் காஸ்ட்' என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். போன செலவு போனதுதான், இனி எடுக்கும் முடிவுக்கு அதைக் கணக்கில் சேர்க்காதே என்பது அதன் சாரம். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. தீம் பார்க்கில் அதை மறந்தால் ஒரு பாட்டி பெஞ்சிலேயே மயங்கிப் போகலாம். "கொடுத்த காசுக்கு ஒண்ணு விடக்கூடாது" என்று சொல்லும்போது அப்பா காசைக் காப்பாற்றவில்லை. போன காசுக்குப் பின்னால் மத்தவர்களின் நேரத்தையும் உடம்பையும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

காசு மாதிரி நேரமும் உடம்பும் எல்லாரிடமும் சமமாக இருப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். பெரியவளால் எட்டு மணி நேரம் ஓட முடியும். சின்னவனால் நான்கு. பாட்டியால் இரண்டு. அப்பாவோ வருஷம் முழுக்க நின்றே வேலை செய்கிறவர். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டத் திருத்தமே வந்தது. அப்படிப்பட்டவர் கிடைத்த ஒரு லீவிலும் காசு கொடுத்து க்யூவில் நின்றார் என்பதை என்னவென்று சொல்வது!

திட்டமிடத் தெரியாமல் மாட்டிக்கொண்டது மந்தைவெளிக் குடும்பம் மட்டும் இல்லை. 1955 ஜூலை 17, டிஸ்னிலேண்ட் திறப்பு நாள். அழைப்பு அனுப்பியதைவிடப் பல ஆயிரம் பேர் கள்ள டிக்கெட்டோடு கூடுதலாக உள்ளே வந்துவிட்டார்கள். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் வரவில்லை. புதுசாகப் போட்ட தார் வெயிலில் இளகிப் பெண்களின் குதிகால் செருப்பைப் பிடித்துக்கொண்டது. சாப்பாடு தீர்ந்துபோனது. அந்த நாளுக்கு அவர்களே 'கறுப்பு ஞாயிறு' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் கற்றுக்கொண்டார்கள். க்யூவில் நிற்காமல் நேரம் குறித்துக்கொண்டு வரும் ஃபாஸ்ட்பாஸ் முறையை 1999-ல் இலவசமாகக் கொண்டு வந்தார்கள். 2021-ல் அதையும் நிறுத்திவிட்டு, காசு கொடுத்தால்தான் க்யூவைத் தாண்டலாம் என்றாக்கிவிட்டார்கள். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸிலும் எக்ஸ்பிரஸ் பாஸுக்குத் தனி விலை. ஆக, நேரத்துக்கு என்ன மதிப்பு என்று பார்க் நடத்துகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். போகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

சென்னையில் இன்னொரு கணக்கும் உண்டு, தூரம். இஞ்சம்பாக்கத்தில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம், பூந்தமல்லி தாண்டி பெங்களூர் சாலையில் குயின்ஸ்லேண்ட் என்று எல்லாமே ஊருக்கு வெளியே. இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) எடுத்த நவோதயா அப்பச்சன் 1995-ல் கிஷ்கிந்தாவைத் தொடங்கியதும் தாம்பரம் பக்கம்தான். கொச்சியில் 2000-ல் வீகாலேண்டாகத் தொடங்கி, பெங்களூர், ஹைதராபாத், புவனேஸ்வர் என்று சுற்றிய வொண்டர்லா சென்னைக்கு வந்தது 2025 டிசம்பரில். அதுவும் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். (அவர்கள் நிலம் வாங்கிப் பல வருஷம் காத்திருந்ததற்குக் கேளிக்கை வரியும் ஒரு காரணம். கோடிக்கணக்கில் முதல் போடுகிறவர்களே கணக்குப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள்!) இத்தனைக்கும் நிலம் வேண்டும், நிலம் ஊருக்குள் இல்லை. எனவே மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர்க்காரர்களுக்குப் போக வரவே மூன்று நான்கு மணி நேரம் கழன்றுவிடும். ஒன்பதரைக்குக் கிளம்புகிறவர்கள் பாதி நாளைச் சாலையிலேயே விட்டுவிட்டுத்தான் வாசலுக்கு வருகிறார்கள்.

சரி, மந்தைவெளிக்குத் திரும்புவோம்.

ஜூன் மாதம் பெரியவள் ப்ளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்தாள். அக்கவுன்டன்ஸி நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'மறுபடி' என்று தலைப்புப் போட்டு, வீட்டில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டாள். "உனக்கு அங்க ஒரே ஒண்ணு கெடைக்கும்னா எது வேணும்?"

சின்னவன் யோசிக்கவே இல்லை. "ரோலர் கோஸ்டர்." பெரியவளுக்கு அலைக்குளம். அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, "யாராவது சமைச்சுப் போட்டா உக்காந்து சாப்பிடணும்" என்றார். அப்பா, "நிக்காம இருந்தா போதும்" என்றார்.

பாட்டி, "நான் எங்க வரப்போறேன்" என்று ஆரம்பித்தார். விடவில்லை. கடைசியில் சொன்னார்.

"ஜெயண்ட் வீலு. தாத்தாவோட தீவுத்திடல்ல ஏறினது. உங்கப்பன் அப்ப வயித்துல. மேல போனா கடல் தெரிஞ்சுது கண்ணு."

நாற்பத்தைந்து வருஷ ஆசை. வீட்டில் யாருக்கும் தெரியாது. போன தடவை பாட்டி உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து நூறு அடியில் ஒரு ஜெயண்ட் வீல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. 'பாட்டிக்கு இதெல்லாம் எதுக்கு' என்று எல்லாருமாகச் சேர்ந்து, அவரைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் நிஜமான திட்டம் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் முந்தி இந்த ஐந்து ஆசைகள். மீதி எது கிடைத்தாலும் லாபம், கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. அப்புறம் யாருக்கு உடம்பில் தெம்பு குறைவோ, அவரிலிருந்து நாளைக் கட்டிக்கொண்டு வருவது. அதாவது பாட்டியிலிருந்து.

நாள் எது? மே கூடவே கூடாது. சென்னை வெயிலை அடக்குவது கடல்காற்று. அது உள்ளே வரத் தாமதமானால் பகல் அனலாகிவிடும். 2003 மே 31-ல் 45 டிகிரி அடித்த ஊர் இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. தீபாவளி, பொங்கல் முடியும்வரை அப்பாவுக்குக் கடையில் லீவு கிடையாது. காணும் பொங்கல் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. வெயில் தணிந்திருக்கும், வியாபாரமும் தணிந்திருக்கும், பல இடங்களில் வார நாளில் டிக்கெட்டும் மலிவு. ஸ்கூலுக்கு ஒரு நாள் மட்டம். அம்மாதான் முறைத்தார். லீவு லெட்டரில் 'குடும்ப விசேஷம்' என்று எழுதலாமா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. எழுதினார்கள். பொய்யும் இல்லைதானே?

காசு? இது சேமிப்புக்குப் பழகிய வட்டாரம். பக்கத்து மயிலாப்பூரில் இந்து பெர்மனென்ட் ஃபண்டைத் தொடங்கியதே 1872-ல். அம்மா ஒரு பிஸ்கட் டின் வைத்தார். ஒரு பிளவுஸ் தைத்தால் இருபது ரூபாய் டின்னுக்கு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் டின் கனத்தது. பெரியவள் கணக்கில் டிக்கெட் மட்டும் இல்லை. பஸ், லாக்கர், உள்ளே இரண்டு வேளைச் சாப்பாடு, திரும்பி வரும்போது அசதியாக இருந்தால் ஆட்டோ என்று எல்லாம் இருந்தது. நைலான் உடைகளைப் பாண்டி பஜாரில் முன்கூட்டியே வாங்கியாயிற்று. ஒரு தடவை வாடகை கொடுப்பதற்குப் பதில் வாங்கியே விடலாம், அடுத்த தடவைக்கும் ஆகும்.

பார்க்குக்கு முன்னாலேயே போன் போட்டுக் கேட்டார்கள். சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையும் பிஸ்கட்டும் கொண்டுவரலாம் என்று பதில் வந்தது. ஒரு போன் கால்! மே மாதம் இதைச் செய்திருந்தால் குளுக்கோஸ் தேவைப்பட்டிருக்காது. சின்னவனை மாதா மாதம் கதவு நிலையில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டார்கள், செருப்பில்லாமல். ஜனவரியில் 121. வீட்டில் அன்றைக்கு ஜவ்வரிசிப் பாயசம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே பஸ் ஏறியாயிற்று. வாசல் திறக்கும்போது இவர்கள் நாலாவது ஆள். முதல் வேலை ரோலர் கோஸ்டர். க்யூ பத்து நிமிஷம். சின்னவன் இறங்கி வந்து பேசவே இல்லை, காது வரைக்கும் சிரிப்பு மட்டும்.

எல்லாம் திட்டப்படி நடந்ததா என்றால், இல்லை. பத்தரைக்கு மூன்று ஸ்கூல் பஸ்கள் வந்து நின்றன. ஜனவரி, பிப்ரவரி என்றால் பள்ளிகள் சுற்றுலா கிளம்பும் மாதம் என்பது பெரியவளின் நோட்டில் இல்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நேராக அலைக்குளத்துக்கு ஓடினார்கள். பழைய அப்பாவாக இருந்தால் அங்கேயே முட்டி மோதியிருப்பார். இந்தத் தடவை பாட்டிக்குச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டு என்று நோட்டில் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மணிக்குத்தான் சாப்பாட்டு மணி. பன்னிரண்டுக்கு இவர்கள் காலி ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு மணிக்குப் பிள்ளைகள் சாப்பிடப் போக, அலைக்குளம் பெரியவளுக்குக் கிடைத்தது. திட்டத்தில் இடைவெளி விட்டிருந்தால் இதுதான் வசதி. எதிர்பாராதது வந்து உட்கார ஓர் இடம் இருக்கும்.

அப்பா நிழலில் ஒரு நாற்காலி பிடித்து முக்கால் மணி நேரம் தூங்கினார். பைகளுக்கு அருகில் அன்றைக்கு உட்கார்ந்தது அவர்தான். ஆறேழு சவாரிகளில் யாருமே ஏறவில்லை. யாருக்கும் அது தோன்றக்கூட இல்லை.

நாலரை மணிக்கு, கடல்காற்று நன்றாக வீசும் நேரத்தில், பாட்டியை ஜெயண்ட் வீலுக்கு அழைத்துப் போனார்கள். ஏறும் இடத்தில் படி கொஞ்சம் உயரம், முட்டி ஒத்துழைக்கவில்லை. ஆபரேட்டர் பையன் வீலை முழுசாக நிறுத்தி, கை கொடுத்து, "மெதுவா வாங்க பாட்டி" என்றான். பக்கத்தில் யார் உட்காருவது? பெரியவள் போகப் பார்த்தாள். பாட்டி தலையாட்டிவிட்டு மகனைக் கூப்பிட்டார்.

"நீ வாடா. அன்னிக்கும் நீதான இருந்த."

வீல் மேலே போய் ஒரு கணம் நின்றது. கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு அப்பா கையை நீட்டி எதையோ காட்டுவது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று இறங்கியபின் இரண்டு பேரும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சின்னவன் தூங்கிப்போனான். அம்மா மீதிச் சில்லறையை எண்ணி டின்னுக்கென்று தனியாக முடிந்துவைத்தார். திருவான்மியூர் தாண்டியதும் பாட்டிதான் ஆரம்பித்தார். அதே இடம்.

"அடுத்த தடவ எப்பப்பா?"

பெரியவள் நோட்டை எடுத்து, 'ஸ்கூல் பஸ் வரும் மாதம் எது என்று கேட்க வேண்டும்' என்று எழுதிக்கொண்டாள்.